கரை உள்ள கப்பல்

எனக்குப் பெரிய கப்பல்தான் வேண்டும் என்று விளம்பரத் தாளைப் பார்த்த உடனேயே முடிவு செய்துவிட்டேன். அதில் நீச்சல் குளம் இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது, சாயங்காலமானால் பேண்டு வாத்தியத்தோடு டான்ஸ். மேல்தட்டில் சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு சூப் குடித்தபடியே துருவப் பிரதேசத்தைப் பார்க்கலாம். சின்னக் கப்பலின் தாளில் ஒரு தாடிக்காரன் ரப்பர் படகில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான். பி.ஏ. எகனாமிக்ஸ் படித்து, புதுசாக பெல்பாட்டம் தைத்துக்கொண்டு நார்வே வரைக்கும் வந்தவன் இதில் எதை எடுப்பான்?

சிக்கல் என்னவென்றால், கூட வந்திருந்தது சித்தப்பா.

காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக் கடை அவருடையது. ஆஸ்லோவில் நடந்த துணிக் கண்காட்சியில் கடை போட வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும், தெலுங்கு தெரியும், வியாபாரத்துக்குப் போதுமான உருது தெரியும். இங்கிலீஷுக்கு நான். எங்கள் ஸ்டாலுக்கு நேர் எதிரே ஒரு பனாரஸ்காரர் கடை விரித்திருந்தார். எங்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு யாராவது அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும், மனுஷன் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். சித்தப்பாவுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

நாங்கள் முக்கியமாக நம்பி வந்தது இங்கிரிட் அம்மாளை. ஆஸ்லோவில் பெரிய பட்டுக் கடை வைத்திருக்கிற பெண்மணி. 'எங்கள் வடக்கத்தி ஐஸின் நிறத்தில்' தோளில் போடுகிற நீளத் துண்டுகள் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தார். நான் அதைச் சித்தப்பாவிடம் 'பனிக் கலர்' என்று சொன்னேன். காஞ்சிபுரத்தில் பனி என்றால் என்ன? மார்கழிக் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ள வைக்கிற சமாசாரம். சித்தப்பா விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைக்குப் போய் நின்று, மணலுக்கு மேலே மிதக்கிற பனியைப் பார்த்து, அதே நிறத்தைச் சாயத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம். சத்தியமாக அழகு.

இங்கிரிட் அம்மாள் அதை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, இது மூடுபனி, நான் கேட்டது ஐஸ் என்றார்.

"ஐஸுன்னா ஐஸுன்னு சொல்ல வேண்டியதுதானடா," என்றார் சித்தப்பா. "நம்ம ஐஸ் ஃபாக்டரியில பாத்துக்கினு வந்திருப்பனே."

நம் ஐஸ் ஃபாக்டரியில் கட்டியை மரத்தூள் போட்டு மூடி வைப்பார்கள், ஐஸின் நிறமே மரத்தூளின் நிறம்.

அந்த அம்மாள் வடக்குக் கோடியில் பிறந்தவர். அவருடைய தம்பி அங்கே துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு. துருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு அந்த வாரமே இரண்டு கப்பல்கள் கிளம்புகின்றன, எதில் வேண்டுமானாலும் இடம் பிடித்துத் தருகிறேன், போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு அந்த நிறத்தைக் காட்டுங்கள் என்றார். காட்டினால் ஆர்டர் எங்களுக்கு. இல்லாவிட்டால் என்று சொல்லிவிட்டு எதிர் ஸ்டாலைப் பார்த்தார்.

ஆர்டர் கிடைத்தால் எங்கள் தறிகள் அடுத்த ஆடி வரைக்கும் நிற்காமல் ஓடும். கிடைக்காவிட்டால், நார்வே வரைக்கும் போய் பனாரஸ்காரனுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர் என்று ராஜ வீதி முழுக்கச் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் பெரிய கவலை.

கண்காட்சி முடிந்த கையோடு ரயில் ஏறினோம். வடக்கே போகப் போக சாப்பாடு மீனாகிக்கொண்டே போனது. காலையில் மீன், மத்தியானம் மீன், நடுவில் பசித்தால் புளிக்க வைத்த மீன். நாங்கள் அசைவம்தான். ஆனால் காலை டிபனுக்கு மீன் வைத்து யாரும் எங்களை வளர்க்கவில்லை. ஒரு ஸ்டேஷன் கேண்டீனில் பழுப்பாக, சதுரமாக ஒன்றை வைத்திருந்தார்கள். சித்தப்பா முகமெல்லாம் மலர்ந்து, "டேய், வெல்லம்டா," என்று ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது வெல்லம் இல்லை, ஆட்டுப்பாலில் செய்த சீஸ். துப்பவும் முடியாது, சுற்றி மரியாதைப்பட்டவர்கள். அப்படியே கண்ணை மூடி முழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

ரயில் முடிந்து பஸ். பஸ்ஸில் ஏறினதும் சித்தப்பா தூங்கிவிட்டார். அந்த ஊரில் கடல் உள்ளே புகுந்து ரோட்டை வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுகிற இடத்தில் பஸ்ஸே நேராக ஒரு மிதவைக் கப்பலில் ஏறிவிடும். சித்தப்பா கண் விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்.

"டேய் சேகரு, பஸ்சு ஆத்துல போவுதுடா."

நான் பதில் சொல்வதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். முன்சீட்டுக் கிழவி திரும்பிப் பார்த்து, இவருக்கு என்ன உடம்பு என்று கேட்டாள். எங்கள் ஊர் ஆற்றில் மணலைத்தான் பார்த்துப் பழக்கம் என்று சொன்னேன். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அது எப்படி ஆறு என்றாள் கிழவி. இதைச் சித்தப்பாவிடம் மொழிபெயர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் அஸ்தமிப்பதையே நிறுத்திவிட்டிருந்தது. அங்கே கோடையில் அப்படித்தான். ஊரிலிருந்து ஒரு சின்ன சாமி படத்தையும் அகல் விளக்கையும் பெட்டியில் கொண்டுவந்திருந்த சித்தப்பா, விளக்கு வைக்கிற நேரம் எப்போது என்று ஓட்டல்காரனைக் கேட்கச் சொன்னார். செப்டம்பரில் என்றான் அவன்.

மறுநாள் இங்கிரிட் அம்மாளின் ஏஜெண்டுத் தம்பி இரண்டு தாள்களையும் மேஜைமேல் பரப்பினார். நான் பேச்சுப் போட்டியில் கப் வாங்கினவன். பெரிய கப்பலை ஏற்றிப் பேச ஆரம்பித்தேன். இது ஆடாது. குளிராது. அறுநூறு பேரோடு தீவின் வளைகுடாவுக்குள்ளேயே போகும். மலையும் ஐஸும் கப்பலின் இரண்டு பக்கமும் தானாக வரும். மெதுவாக ஒரு சுற்று திரும்பும், எல்லோரும் கைப்பிடிக் கம்பியில் நின்று பார்ப்பார்கள், வந்த வழியே வெளியே போய்விடும்.

"கருட சேவைக்கு நாம வாசல்ல நின்னு பாப்போம் இல்ல? இது அப்படியே உல்டாபா. நாம வாகனத்து மேல உக்காந்துக்கினு போறோம், மலைங்க வாசல்ல நின்னு நம்மளப் பாக்கும்."

சித்தப்பாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. தலையை ஆட்டினார். சின்னக் கப்பல் எப்படி என்று பேருக்குக் கேட்டார். அது ஆடும், இடமில்லை, டான்ஸ் கிடையாது, ராத்திரியானால் பறவைகளைப் பற்றி லெக்சர் எடுப்பார்கள், ரப்பர் படகில் உட்காரவைத்து எங்கேயாவது கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், காற்று அடித்தால் அதுவும் இல்லை என்று ஒரே மூச்சில் முடித்தேன்.

"அப்போ பெரிசுல கொறை ஒண்ணும் இல்லங்கற."

அங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. "கொறை ஒண்ணும் இல்லபா. கரை மட்டும்தான் இல்ல," என்றேன்.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கரை இல்லியா?"

எங்கள் ஊரில் கரை என்றால் முதலில் சேலைக் கரைதான். ஆற்றங்கரையெல்லாம் அப்புறம். உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் இரண்டு நிறத்தில் நெய்து, நெய்யும்போதே ஒன்றோடு ஒன்று கோத்து விடுவதுதான் காஞ்சிபுரத்தின் பெருமையே. சேலை கிழிந்தாலும் கோத்த இடம் விடாது என்று சித்தப்பா கடைக்கு வருகிறவர்களிடம் இழுத்துக் காட்டுவார்.

"கரையில எறங்க மாட்டாங்க, அதச் சொன்னேன்," என்றேன்.

"சின்னதுல?"

"சின்னதுல கரை இருக்குது. ஆனா அது வேற கரைபா."

"எல்லாக் கரையும் ஒண்ணுதான்டா. வேட்டிக்கே கரை இருக்குது. ஓரத்தத் தொட்டுப் பாக்காம நான் கர்ச்சீஃப் கூட வாங்கினது இல்ல." ஏஜெண்டைப் பார்த்து, தாடிக்காரன் படம் போட்ட தாளில் விரலை வைத்து, தமிழிலேயே சொன்னார்: "இது."

ஏஜெண்டுக்குப் புரிந்துவிட்டது. என் பெல்பாட்டத்துக்கு மட்டும் புரியவில்லை.

சின்னக் கப்பல் துறைமுகத்தை விட்டதும் ஆட ஆரம்பித்தது. எங்கள் அறை ரொம்பக் கீழே. கட்டிலில் படுத்தால் ஒரு நிமிஷம் தலைகீழாக, ஒரு நிமிஷம் நின்றபடி. நாங்கள் முறை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தோம். நடுவில் சித்தப்பா, இதுக்கும் கரை இருக்குதாடா, எப்ப வரும் என்று கேட்டார். பெரிய கப்பலில் இந்நேரம் டான்ஸ் நடக்கும் என்றேன். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

வயிறு சரியானதும் சாப்பாட்டு மேஜைக்குப் போனோம். வேகவைத்த உருளைக்கிழங்கு எங்களைக் காப்பாற்றியது. சித்தப்பா டப்பாவைத் திறந்து பருப்புப்பொடியைத் தூவினார். எதிரே உட்கார்ந்திருந்தது தாளில் சிரித்த அதே தாடிக்காரன், யோஹான். படகு ஓட்டுவதும் அவன்தான், பறவை லெக்சரும் அவன்தான். அது என்ன துப்பாக்கி மருந்தா என்று கேட்டான். ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தேன். முதல் வாயில் அவன் கண் கலங்கியது. அதற்கப்புறம் சாப்பாட்டு மணி அடித்தால் தட்டோடு எங்கள் பக்கத்தில்தான் வந்து உட்காருவான்.

முதல் தடவை கரை இறங்கியபோது சித்தப்பா கம்பளிப் பேண்டுக்கு மேல் வேட்டி கட்டி, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு, கையில் குடையோடு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். கூழாங்கல் மேல் கால் வைத்தோம், ஒரு வெள்ளைப் பறவைக் கூட்டம் எங்கள் மண்டையைக் குறிபார்த்துப் பாய்ந்தது. கூடு பக்கத்தில் இருந்தால் அது கொத்தும், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள் என்று யோஹான் கத்தினான். படித்தவர்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சித்தப்பா குடையை விரித்துக்கொண்டு நிதானமாக நடந்தார். அப்புறம் நான்கு பேர் அந்தக் குடைக்குள் இடம் கேட்டார்கள்.

ஆனால் நிறம் மட்டும் கிடைக்கவில்லை. நான் கடலில் மிதந்த ஐஸ் துண்டைக் காட்டினேன். வெள்ளை. சித்தப்பா கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரி, நிறமே இல்லை. மலைமேல் இருந்தது வேட்டி வெள்ளை, நிழலில் இருந்தது சாம்பல். தன் சாம்பிள் நூல் கத்தையைப் பிரித்து ஒவ்வொரு வெள்ளையாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். கப்பல் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. அவர் பனாரஸ்காரரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியாக ஒரு வளைகுடாவில், கடலுக்குள் இறங்கி நிற்கிற ஐஸ் சுவரைப் பார்க்கப் படகில் போனோம். யோஹான், நாங்கள் இரண்டு பேர், கையைக் கோத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு வயதான டச்சு தம்பதி. சுவர் ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் படுக்கப்போட்டு வரிசையாக அடுக்கினது மாதிரி நீளமாக நின்றது. இடிந்து விழும் என்பதால் தள்ளியே நிறுத்தினான். திரும்பலாம் என்று கயிற்றை இழுத்தான். என்ஜின் இருமியது. மறுபடி இழுத்தான். இருமவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துதான் பெரிய கப்பல் வளைகுடாவுக்குள் நுழைந்தது. என் கப்பல். வெள்ளை வெளேரென்று, மேல்தட்டில் பேண்டு, கம்பி நெடுக ஜனங்கள். கையில் சூப் கிண்ணம் இருந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. மெதுவாக ஒரு சுற்று திரும்பியது. எல்லோரும் கை அசைத்தார்கள். சித்தப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து வீசி வீசிக் காட்டினார். அவ்வளவுதான், அது வெளியே போய்விட்டது.

"அவங்க பாத்துட்டாங்களாமா?" என்று கேட்டார்.

"பாத்துட்டாங்க."

"இன்னா பாத்தாங்க?"

வெள்ளைச் சுவர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்ஜின் இல்லாத படகு நீரோட்டத்தில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பெரிய கப்பல் கிளப்பிவிட்ட அலை வேறு வந்து எங்களைச் சுற்றிவிட்டது. நேராகப் பார்த்தபோது வெள்ளையாக இருந்த சுவர், படகு பக்கவாட்டில் திரும்பியதும் உள்ளே இருந்து நீலமாகக் கிளம்பி வந்தது. இன்னும் திரும்பினோம், நீலம் உள்ளே போய் வெள்ளை வந்தது.

"சித்தப்பா, மாறுதுபா. திரும்பத் திரும்ப மாறிக்கினே இருக்குது."

யோஹான் துடுப்பை எடுத்தான். சித்தப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு சுற்று. யோஹான் சிரித்துக்கொண்டே துடுப்பால் படகைச் சுற்றிவிட்டான். டச்சுக் கிழவர், இது டிக்கெட்டில் சேர்ந்ததா என்று கேட்டார்.

"மயில்கழுத்துடா," என்றார் சித்தப்பா. "அதே வித்தை. பாவு வெள்ளை, ஊடை நீலம்."

நீளவாக்கில் ஓடுகிற நூல் பாவு, குறுக்கே போகிறது ஊடை. இரண்டும் இரண்டு நிறமானால் துணி ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொன்று. இத்தனை நாளாக நாங்கள் ஒரே ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

என்ன நீலம் என்பதில் சண்டை வந்தது. அவர் ஆனந்தா நீலம் என்றார், கல்யாணப் பட்டுக்குப் போடுகிற பளீர் நீலம். அது கத்தும் என்றேன் நான். வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசுவோமே, அந்த நீலத் தண்ணீர், அவ்வளவு வெளிராக இருந்தால் போதும் என்றேன். கல்யாணத்துக்கு எவன் அந்த நீலம் கட்டுவான் என்றார். இது கல்யாணத்துக்கு இல்லை என்றேன். யோஹான் என்ஜினுக்குள் தலையை விட்டு நார்வே பாஷையில் திட்டிக்கொண்டிருந்தான். அது கிளம்புகிற வரைக்கும் நாங்கள் நிறுத்தவில்லை. கிளம்புவதற்கு முன் சித்தப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கூஜாவைத் திறந்து, மிதந்து வந்த ஐஸ் துண்டுகளை அள்ளிப் போட்டு மூடினார்.

கப்பலுக்குத் திரும்பியதும் சாப்பாட்டு மேஜையில் ஒரு முள்கரண்டியை எடுத்தார். பல்லுக்கும் காம்புக்கும் நடுவே வெள்ளை நூலை நெருக்கமாக இழுத்துக் கட்டினார். ஊசியில் நீலத்தைக் கோத்துக் குறுக்கே விட ஆரம்பித்தார். நான் காம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆனந்தா நீலம் கத்தியது. பிரித்தார். அடுத்த நீலம், பிரித்தார். கடைசியாக என் வெளிர் நீலம். தபால் தலை அளவுக்குத் துணி வந்ததும் கரண்டியை விளக்குக்கு நேரே திருப்பினார். வெள்ளை, நீலம், வெள்ளை. சுற்றி நின்றவர்களில் டச்சுக் கிழவி முதலில் கை தட்டினாள். பரிமாறுகிற பையன் கரண்டியைத் திருப்பிக் கேட்க வந்தவன், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"இந்த நீலத்தத்தான் நான் மொதல்லயே நெனச்சேன்," என்றார் சித்தப்பா. ஆனால் அன்றைக்கு என் உருளைக்கிழங்குக்கும் அவரே பொடி போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்லோவில் இங்கிரிட் அம்மாளின் கடைக்குப் போனதும் சித்தப்பா முதலில் கூஜாவை மேஜைமேல் வைத்து, ஏதோ நகைப் பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்தார். உள்ளே தண்ணீர். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சித்தப்பா கரண்டியை எடுத்து நீட்டினார். அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினார் அம்மாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் படகில் இருந்து பார்த்த ஐஸ் இதுதான் என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அவர், இந்த நிறம் மட்டும் போதும், ஓரம் எதுவும் வேண்டாம், இப்போதெல்லாம் அதுதான் ஃபேஷன் என்றார். சித்தப்பாவிடம் சொன்னேன்.

"கரை இல்லாம குடுக்க மாட்டேன்னு சொல்லு."

"சித்தப்பா, ஆர்டர் போயிடும்பா."

"போவட்டும். கரை இல்லாததப் பாத்துட்டுப் போனாங்களே, அந்தப் பெரிய கப்பல்காரங்க, அவங்களுக்கு எவனாவது நெய்வான். சொல்லுடா."

எதிர் ஸ்டால் பனாரஸ்காரர் சிரிக்கிறது இங்கிருந்தே என் காதில் கேட்டது. கப்பல் ஏறியதிலிருந்து கரை கரை என்று ஆயிரம் தடவை யோஹானுக்கு இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பழகின நாக்கு. சேலைக் கரைக்கு 'பார்டர்' என்ற வார்த்தை எனக்கு நன்றாகவே தெரியும். வரவில்லை. கடற்கரைக்குச் சொல்கிற 'ஷோர்'தான் வந்தது. "ஷோர் இல்லாமல் ஐஸைக் கொடுக்க மாட்டாராம்," என்றேன்.

இங்கிரிட் அம்மாள் கரண்டியைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். ஷோர் இல்லாமலா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மேஜையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு தாளின் ஓரத்தில் மேலும் கீழுமாகக் கூர் கூராக ஒரு கோடு இழுத்தார். ஐஸுக்குப் பின்னால் நிற்கிற கறுத்த மலைகள். எங்கள் ஷோர் இப்படி இருக்கும், இதை நெய்ய முடியுமா என்று கேட்டார்.

சித்தப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். "கோபுரக் கரை," என்றார். எங்கள் ஊர்த் தறிகளில் பாதியில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கூர் கூரான கோபுர வரிசைதான். "கருப்பு மட்டும் வேணாம்மா, அரக்குல போட்டுத் தரேன்," என்று நேராக அவரிடமே தமிழில் சொன்னார். அந்த அம்மாளும் சரி என்று நார்வே பாஷையிலேயே சொன்னார்.

வெளியே வருவதற்கு முன் சித்தப்பா கூஜாவை எடுத்து, இங்கிரிட் அம்மாளின் வலது கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் கொஞ்சம் ஐஸ் தண்ணீரை ஊற்றினார். அவர் என்னைப் பார்த்தார். குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும் என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் அப்படியே செய்தார். பொன் நிற முடி நனைந்து நெற்றியில் ஒட்டியது. எனக்கும் ஊற்றினார் சித்தப்பா. பித்தளை வாசனை அடித்தது.

"நீ இன்னாடா சொன்ன, அவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கினாங்க?"

"நீ சொன்னதத்தான்பா சொன்னேன். கரை வேணும்னு."

"எந்தக் கரை?"

தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "எல்லாக் கரையும் ஒண்ணுதான்."